நிறாபண்டி

ஊத்துக்கோட்டையில் ஏறினால்
பதினேழாவது நிமிடம் வேபிரிட்ஜ்.
அங்கே இறங்குகிறவர்கள் இரண்டே பேர்:
லாரி கிளீனர் கங்கய்யா,
அப்புறம் நான்.

"ஆபய்யா!" என்பார் கங்கய்யா,
வெற்றிலை துப்புவது போல அவ்வளவு சுலபமாக.
பிரேக் கிறீச்சிடும்.
அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தபடி
நானும் இறங்கிவிடுவேன்.
ஒன்றரை வருடம்
இன்னொருவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு
படியிறங்கியிருக்கிறேன்.
அவருக்கு அது தெரியாது.

ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை.
நெல்லூரில் டிரைவர் வேலை கிடைத்துவிட்டதாம்.
நல்ல செய்திதான்.
எனக்கு அடிவயிறு கலங்கியது.

வேபிரிட்ஜ் ஜன்னலில் வந்தது.
மேடைமேல் ஒரு மணல் லாரி
எடை காட்டி நின்றிருந்தது.
வாயைத் திறந்தேன்.
எல்லைச் சாவடி தாண்டி ஆறு கிலோமீட்டர்,
இங்கே எந்தச் சொல்லுக்கு பஸ் நிற்கும்?
"நிறுத்துங்க" என்றால் திரும்பிப் பார்ப்பார்களோ,
"ஆபண்டி" என்றால் என் தெலுங்கில்
ஏதாவது பிசகுமோ என்று
எண்ணி முடிப்பதற்குள்
சத்தியவேடு வந்துவிட்டது.

எனக்கு இரண்டு பாஷை தெரியும்.
இரண்டிலும் சத்தம் போடத் தெரியாது.

மூன்று கிலோமீட்டர் திரும்பி நடந்தேன்.
செங்கல் சூளை, மாந்தோப்பு வேலி,
என்னைக் கண்டு குரைத்த நாய்.
அதற்குக்கூட ஒரு குரல் இருந்தது.
கேட்டில் சூப்பர்வைசர் ஏன் லேட் என்றார்.
"பஸ் நிக்கல சார்."
பழியை பஸ்மேல் போட்டேன்.
பஸ் மறுத்துப் பேசவில்லை,
அதுவும் என் ஜாதிதான்.

செவ்வாய் அதே நடை.
புதன் அரைநாள் சம்பளம் பிடித்தார்கள்.
ஒரு சொல்லின் விலை
நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.

அட்டைப்பெட்டி மடிக்கும் மெஷின் ஓடும்போது
பக்கத்தில் நிற்பவள் தும்மினாலும் கேட்காது.
அந்த இரைச்சலுக்குள் நின்று பழகினேன்.
"நிறுத்துங்க! ஆபண்டி! நிறுத்துங்க!"
ஒருமுறை நிஜமாகவே மெஷின் நின்றது.
கரண்ட் போயிருக்கிறது.
ஹால் முழுக்க என் குரல் மட்டும் ஓடியது.
சுகுணம்மா டேப்பைக் கீழே போட்டுவிட்டு
"யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

வியாழக்கிழமை
வளைவு திரும்பியதும் எழுந்தேன்.
கம்பியைப் பிடித்த கை வழுக்கியது.
இரண்டு சொற்களும் ஒரே நேரத்தில்
வாசலுக்கு முண்டியடித்து
நடுவில் சிக்கி
ஒன்றாக வெளியே விழுந்தன:

"நிறாபண்டி!"

பஸ் முழுக்கச் சிரித்தது.
"இதேம் பாஷம்மா?" என்றார் கண்டக்டர்.
காது பற்றி எரிந்தது.
ஆனால் டிரைவருக்குப் புரிந்திருந்தது.
கால் தரையில் இருந்தது.

கூச்சம் அந்த பஸ்ஸோடு போய்விட்டது
என்று எழுத ஆசைதான்.
போகவில்லை. என்னோடுதான் இறங்கியது.
செருப்பில் ஒட்டின தார் மாதிரி
கேட் வரை கூடவே வந்தது.
நடக்க முடிந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் வளைவில்
கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு
ஊதாமல் என்னைப் பார்த்தார்.
கீரைக் கூடைக்காரி பார்த்தாள்.
எல்லோரும் காத்திருந்தார்கள்.
சரியாகச் சொல்ல எனக்கு இப்போது தெரியும்,
இருந்தும் தப்பாகவே சொன்னேன்.
இப்போது சூளை ஸ்டாப்பில்
கீரைக்காரியும் அதையே சொல்கிறாள்.

கண்டக்டர் பெயர் முனிகிருஷ்ணய்யா.
சில்லறை இல்லையென்று
டிக்கெட்டின் பின்னால் எழுதித் தருவார்.
மூன்று. இரண்டு. மூன்று. எட்டு.
எல்லாம் பர்ஸில் அடுக்கி இருக்கிறது,
மொத்தம் நாற்பத்தொரு ரூபாய்.
கேட்க வேண்டிய சொல்லை
மெஷின் பக்கத்தில் சொல்லியும் பார்த்தாயிற்று.
நாளைக்கு அமாவாசை,
சுருட்டப்பள்ளிக் கூட்டம் ஏறும்,
மனுஷன் எரிச்சலில் இருப்பார்,
இன்னொரு நாள்...

அது உன் காசு, தேசராணி.